சித்தி மேஜர் தான்

2023 ஜூலைல ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நானும் அம்மாவும் போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் டேபிளுக்கு எதிர்ல உக்காந்திருந்தோம். அம்மா மடியில ஒரு மஞ்சப்பை, உள்ள சித்தியோட ஆதார் ஜெராக்ஸ், போன பொங்கலுக்கு எடுத்த போட்டோ ரெண்டு, அப்புறம் கொளத்தூர் ஃபிளாட்டுக்கு நான் போட்டு எடுத்த வில்லங்க சான்று. அதுல தான் சித்தி வீட்ட வித்துட்டாங்கன்னே எங்களுக்கு தெரிய வந்துச்சு. கூடப் பிறந்த அக்காகிட்ட கூட ஒரு வார்த்தை சொல்லல.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன் தான், கத்தல, விரட்டல. பொறுமையா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"உங்க தங்கச்சிக்கு என்ன வயசும்மா?"

"அம்பத்தெட்டு சார்."

"மேஜர் தானே? தன் இஷ்டத்துல தானே போயிருக்காங்க? நாளைக்கு அவங்களே வந்து நான் நல்லா தான் இருக்கேன்னு எழுதி குடுத்தா நான் என்னம்மா பண்றது?"

58 வயசுல, முப்பது வருஷம் பேங்க் கவுன்ட்டர்ல நோட்டு எண்ணின ஒரு பொம்பளைய மேஜரான்னு கேட்டா என்னத்த சொல்றது. அம்மா தலைய ஆட்டினாங்க. ரைட்டர் ஒரு சிஎஸ்ஆர் (எஃப்ஐஆர் இல்ல, வெறும் புகார் பதிவு) போட்டு ரசீது குடுத்தாரு, அவ்வளவு தான். நாலு நாள் கழிச்சு இன்ஸ்பெக்டர் சொன்ன மாதிரியே சித்தி ஒரு வெள்ளை கார்ல வந்தாங்க, கூட ரெண்டு பேர், அதுல ஒருத்தர் வக்கீல். வந்து எழுதி குடுத்துட்டு போயிட்டாங்க. போகும்போது அம்மா கைல ஒரு சின்ன விபூதி பொட்டலத்த வச்சுட்டு போனாங்க, அம்மா அத தூக்கியும் போட முடியாம பூசவும் முடியாம இன்னைக்கு வரைக்கும் சாமி ரூம்ல ஓரமா வச்சிருக்காங்க.

சித்தி கதை பெருசா ஒண்ணும் இல்ல, இந்த மாதிரி கதை எல்லாமே ஒரே மாதிரி தான் போகும்னு எனக்கு இப்போ தோணுது. சித்தப்பா 2017ல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, குழந்தை இல்ல. ஒரு கல்யாண மண்டபத்துல மூணு நாள் தியான வகுப்பு, ஆயிரத்து ஐநூறு ரூபா, ஆபீஸ் ஃப்ரெண்டு கூட்டிட்டு போனாங்க. நிஜமாவே அதுல நல்லா ஆனாங்க, அத நான் மறைக்க மாட்டேன், ஒரு வருஷமா தூங்காத பொம்பள தூங்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் வாராவாரம், அப்புறம் சேவை, அப்புறம் விஆர்எஸ், அப்புறம் கேளம்பாக்கம் தாண்டி அவங்களோட ஆசிரமத்துலயே தங்கிட்டாங்க. அங்க குருவ எல்லாரும் அப்பான்னு தான் கூப்பிடணும். முதல் தடவ சித்தி போன்ல "அப்பா வேணாம்னு சொல்லிட்டாருக்கா"ன்னு சொன்னப்போ அம்மாவுக்கு தூக்கிவாரி போட்டுச்சு, எங்க தாத்தா போய் இருபது வருஷம் ஆச்சு. இன்னொண்ணு, சித்தி எப்போ பேசினாலும் போன் ஸ்பீக்கர்ல தான் இருக்கும். நடுவுல யாரோ தொண்டைய செருமுவாங்க. சித்தி உடனே "சரிக்கா வச்சிடவா"ம்பாங்க.

அந்த க்ரூப் பேர இங்க எழுத மாட்டேன், எழுதினா வக்கீல் நோட்டீஸ் தான் வரும், சித்தி வர மாட்டாங்க.

நான் மேற்கு மாம்பலத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷமா இருக்கேன். டிரஸ்ட் கணக்கு தான் என் வேலையே. அதனால கோபம் வந்தப்போ முதல்ல கவர்மெண்ட் மேல தான் வந்துச்சு, இத்தன டிபார்ட்மெண்ட் இருக்கு, இந்த மாதிரி க்ரூப்ப எல்லாம் ஏன் ஒரு ஆர்டர் போட்டு மூட மாட்டேங்குறாங்கன்னு. அந்த கோபத்துல ராத்திரி ராத்திரி உக்காந்து மத்த நாட்டுல எல்லாம் என்ன பண்றாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷமா படிக்கிறேன். கோபம் இன்னும் இருக்கு, ஆனா மூடணும்ங்கிற இடத்துல இப்போ இல்ல.

முதல்ல நம்ம ஊரு கதை, ஏன்னா இதுல ரொம்ப பழைய கேஸு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல தான் நடந்திருக்கு, நான் தினம் பஸ்ல அந்த கோர்ட்ட தாண்டி காலேஜ் போனவன், இது தெரியாமலே இருந்திருக்கேன். அடையாறு தியசாபிகல் சொசைட்டில வேலை பாத்த ரிட்டையர்டு ரெவென்யூ ஆபீசர் நாராயணய்யா. அவரோட பையன 1909ல அடையாறு பீச்சுல பாத்து லெட்பீட்டர்ங்கிற வெள்ளக்காரர் இவன் தான் அடுத்த உலக குருவுக்கான ஆளுன்னு சொல்லிட்டாரு. அந்த பையன் தான் ஜே.கிருஷ்ணமூர்த்தி. 1910ல அப்பாவே சொசைட்டி தலைவர் அன்னி பெசன்ட் அம்மாவ கார்டியனா ஏத்துக்கிட்டு எழுதி குடுத்தாரு, 1911ல பையனுக்காக ஒரு சங்கமே ஆரம்பிச்சாச்சு, பெரிய மனுஷங்க எல்லாம் பையன் கால்ல விழ ஆரம்பிச்சாங்க. அப்பாவுக்கு பயம் வந்துச்சு. லெட்பீட்டர் நடத்தை மேல புகார், அதோட பையன தெய்வமாக்கி என்னைய ஊரு சிரிக்க வச்சுட்டாங்கன்னும் புகார். 1912ல கேஸ் போட்டாரு. அவருக்கு வாதாடினது சி.பி.ராமசாமி ஐயர், பெசன்ட் அம்மா தனக்கு தானே வாதாடினாங்க. அந்த கோர்ட் ஹால நினைச்சு பாருங்க.

1913ல ஹைகோர்ட் அப்பா பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அப்பீல்லயும் அவர் தான் ஜெயிச்சாரு. 1914ல லண்டன் பிரிவி கவுன்சில், அப்போ நமக்கு அது தான் கடைசி அப்பீல் கோர்ட், அத தலைகீழா திருப்பிடுச்சு. பையனும் அவன் தம்பியும் அப்போ இங்கிலாந்துல இருக்காங்க, அவங்க விருப்பம் என்னன்னு யாருமே முறையா கேக்கலயே, மெட்ராஸ் கோர்ட் எப்படி உத்தரவு போடும்னுட்டாங்க. சுருக்கமா சொன்னா எங்க இன்ஸ்பெக்டர் சொன்னது தான், கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல.

இதுல எனக்கு தூக்கம் வராம பண்ணின விஷயம் என்னன்னா, கோர்ட் மீட்டு குடுக்க முடியாத அந்த பையன் 1929ல ஹாலந்துல ஓமன்ங்கிற ஊர்ல ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி நின்னு, நான் உங்க குரு இல்ல, இந்த சங்கத்த கலைக்கிறேன்னு தானாவே சொல்லிட்டு வெளிய வந்துட்டாரு. இத வச்சு அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல பாத்தேன். அம்மா கணக்கு போட்டாங்க, கேஸுக்கு அப்புறம் பதினஞ்சு வருஷமாடா, எனக்கு அப்போ வயசு என்னன்னு கேட்டாங்க. அதோட அந்த கதைய நிறுத்திட்டேன்.

ஜப்பான் கதைக்கு வரேன், ஏன்னா ஒரு கவர்மெண்ட் எந்தெந்த விதத்துல எல்லாம் தப்பு பண்ணலாமோ அத்தனையும் ஒரே நாட்டுல பாக்கலாம். போருக்கு முன்னாடி அங்க புது மதங்கள போலீஸ் நசுக்கி எடுத்துச்சு. ஓமோட்டோன்னு ஒண்ணு, 1935 டிசம்பர்ல அவங்க தலைமையகத்துல புகுந்து தலைவர எல்லாம் அள்ளிட்டு போய், கட்டடங்கள டைனமைட் வச்சே தகர்த்தாங்க. போர் முடிஞ்சதும் அந்த அவமானத்துல அப்படியே எதிர் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க, மதம்னு போர்டு மாட்டினா போலீஸ் கதவையே தட்டாதுங்கிற நிலைமை. இந்த சந்துல தான் ஓம் ஷின்ரிக்கியோங்கிற க்ரூப் வளர்ந்துச்சு. 1989 ஆகஸ்ட்ல டோக்கியோ நிர்வாகம் அவங்கள முறையான மத அமைப்புன்னு பதிவு பண்ணி குடுத்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல, பிள்ளைங்கள பறிகொடுத்த பெத்தவங்களுக்காக அவங்கள எதிர்த்து நின்ன சகமோட்டோங்கிற வக்கீல், அவர் பொண்டாட்டி, ஒரு வயசு குழந்தை, மூணு பேரும் யோகோஹாமா வீட்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா காணாம போயிட்டாங்க. வீட்ல ஓம் க்ரூப்போட பேட்ஜ் ஒண்ணு கிடந்துச்சு. போலீஸ் என்ன சொன்னாங்க தெரியுமா, தானாவே எங்கயாவது போயிருக்கலாம்னு.

அத படிச்ச அன்னைக்கு ராத்திரி எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

அப்புறம் 1994 ஜூன்ல மட்சுமோட்டோ ஊர்ல சரின் வாயு விட்டாங்க, அப்பவும் போலீஸ் சந்தேகப்பட்டது பக்கத்து வீட்ல இருந்த ஒரு அப்பாவிய, அவரோட சொந்த மனைவியே அதுல கோமாவுக்கு போனவங்க. 1995 மார்ச் 20 காலைல டோக்கியோ சப்வேல அஞ்சு ரயில்ல அதே விஷவாயு, அப்போ தான் எல்லாரும் முழிச்சாங்க. அந்த வக்கீல் குடும்பத்தோட உடல்கள் 1995 செப்டம்பர்ல தான் கிடைச்சுது, ஆறு வருஷம் கழிச்சு, மூணு வெவ்வேற மாகாணத்து மலைல. அமைப்போட பதிவ கோர்ட் ரத்து பண்ணுச்சு, 1999ல கண்காணிக்க தனியா ஒரு சட்டம், 2018 ஜூலைல தலைவர் அசஹாராவோட சேர்த்து பதிமூணு பேர தூக்குல போட்டாங்க. எல்லாம் பண்ணாங்க, நேரம் தவறினதுக்கப்புறம்.

சரி பாடம் படிச்சிருப்பாங்கன்னு பாத்தா அதான் இல்ல. 2022 ஜூலை 8ல ஷின்சோ அபேவ சுட்டவனோட அம்மா, கொரியால ஆரம்பிச்ச யூனிஃபிகேஷன் சர்ச்ங்கிற மத அமைப்புக்கு குடுத்தது கிட்டத்தட்ட பத்து கோடி யென். குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துருக்கு. இருபது முப்பது வருஷமா குடும்பங்கள் கத்திட்டு இருந்தத யாரும் காதுல வாங்கல, ஒரு முன்னாள் பிரதமர் செத்தாரு, அஞ்சு மாசத்துல சட்டம் வந்துச்சு. அந்த சட்டத்த நான் தொழில் முறைல படிச்சேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். அது எது மதம் எது போலின்னே பேசல. நன்கொடை கேக்கும்போது பயமுறுத்த கூடாது, கடன் வாங்கி குடுன்னு சொல்ல கூடாது, குடியிருக்கற வீட்ட வித்து குடுன்னு சொல்ல கூடாது. குடுத்தவங்கள நம்பி இருக்கற பொண்டாட்டி புருஷன் பிள்ளைங்க, தங்களுக்கு சேர வேண்டிய ஜீவனாம்ச அளவுக்கு அந்த பணத்த திருப்பி கேக்கலாம். அவ்வளவு தான். குடியிருக்கற வீட்ட வித்துங்கிற வரிய படிச்சப்போ கொளத்தூர் ஃபிளாட் பால்கனி, சித்தி வச்சிருந்த கறிவேப்பிலை தொட்டி எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. (2025 மார்ச்ல டோக்கியோ மாவட்ட கோர்ட் அந்த சர்ச்ச கலைக்கவும் உத்தரவு போட்டுச்சு, ஆனா எனக்கு அந்த சின்ன சட்டம் தான் பெருசா படுது.)

அமெரிக்காவ பத்தி நிறைய எழுதலாம், எழுத மாட்டேன். அங்க மதத்த நேரா தொட முடியாது, அதனால எப்பவும் பக்கவாட்டு கதவு தான். ரஜனீஷ் (ஓஷோ) ஆளுங்க ஆரகன்ல ஒரு ஊரையே கட்டி, 1984ல லோக்கல் எலக்சன்ல ஓட்டு போட வர்ற ஆள குறைக்கணும்னு ஹோட்டல் சாலட்ல கிருமி கலந்து 751 பேர வயித்தால போக வச்சாங்க, ஆனா ரஜனீஷ நாட்ட விட்டு அனுப்பினது விசா மோசடி கேஸ்ல. டெக்சாஸ்ல வேகோ பக்கம் பிராஞ்ச் டேவிடியன்ஸ்னு ஒரு க்ரூப், 1993ல அவங்க இடத்துக்குள்ள போனது சட்டவிரோத துப்பாக்கி வச்சிருக்காங்கன்னு ஒரு வாரண்ட்டோட. அதுல தான் சொதப்பினாங்க. முதல் நாளே நாலு அதிகாரிங்க செத்து, 51 நாள் முற்றுகை, ஏப்ரல் 19ல டாங்கிய விட்டு கண்ணீர்புகை, தீ, உள்ள 76 பேர், அதுல குழந்தைங்க எத்தனையோ. குழந்தைங்கள காப்பாத்த போறோம்னு சொல்லிட்டு தான் போனாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஏப்ரல் 19ல வேகோவுக்கு பழி வாங்கறேன்னு ஒருத்தன் ஓக்லஹோமால குண்டு வச்சு 168 பேர கொன்னான். அதே 1993ல இன்னொரு பக்கம், இருபத்தஞ்சு வருஷம் போல சண்டை போட்ட சயின்டாலஜிங்கிற அமைப்புக்கு வரி விலக்கு குடுத்து இன்கம் டாக்ஸ்காரங்க சமாதானம் ஆயிட்டாங்க. அங்க ஒரு அமைப்பு மதமா இல்லையான்னு கடைசில முடிவு பண்றது வரி ஆபீஸ். ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறவனா எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

பிரான்ஸ் தான் நான் ஆரம்பத்துல கேட்டது, அதாவது லிஸ்ட் போடு, மூடு. 1995ல அவங்க பார்லிமென்ட் கமிட்டி ஒண்ணு 173 க்ரூப் கொண்ட லிஸ்ட் போட்டுச்சு. லிஸ்ட்ல பேர் வந்தா ஹால் வாடகைக்கு கிடைக்காது, வேலை போகும், குழந்தை கஸ்டடி கேஸ்ல அதையே எடுத்து நீட்டுவாங்க. சூரிய கோயில் க்ரூப்ல கூட்டமா செத்தாங்களே, அந்த மாதிரி ஆளுங்களும் வீடு வீடா போய் பைபிள் குடுக்கற யெகோவா சாட்சிகளும் ஒரே லிஸ்ட்ல. அந்த யெகோவா சாட்சிகளுக்கு வந்த காணிக்கை மேல 60 சதவீதம் வரி போட்டாங்க, 2011ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் இது மத சுதந்திரத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடியே 2005ல பிரதமரே இனிமே அந்த லிஸ்ட்ட வச்சு முடிவெடுக்காதீங்கன்னு சர்குலர் விட்டுட்டாரு. அவங்க 2001ல கொண்டு வந்த இன்னொரு சட்டம் பரவாயில்ல, ஒருத்தரோட பலவீனமான நிலைமைய பயன்படுத்தி அவங்களுக்கே கெடுதலான காரியத்த செய்ய வச்சா குற்றம். சித்தப்பா செத்த ஒரு வருஷம்ங்கிறது பலவீனமான நிலைமையா இல்லையான்னு நான் என்னைய கேட்டுக்கிட்டேன். சித்திகிட்ட கேட்டா அது தான் நான் தெளிவான வருஷம்பாங்க.

ரஷ்யா சீனா எல்லாம் விடுங்க. 2017ல ரஷ்யா யெகோவா சாட்சிகள தீவிரவாதின்னுச்சு, 1999ல சீனா ஃபாலுன் காங்க தடை பண்ணி, பார்க்ல மூச்சு பயிற்சி பண்ணின கிழவிங்கள எல்லாம் ஜெயில்ல போட்டுச்சு. தடை பண்ணுன்னு கத்துறவங்க (நான் உள்பட) இத ஒரு தடவ படிக்கணும்.

அதே யெகோவா சாட்சிங்க நம்ம பக்கம் வந்தப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. கேரளாவுல மூணு பசங்க, ஜனகணமன பாடும்போது எழுந்து நிப்பாங்க, பாட மாட்டாங்க. 1985ல ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க. 1986ல சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி சின்னப்ப ரெட்டி, மரியாதையா நின்னாங்கல்ல, போதும், திரும்ப சேத்துக்கோங்கன்னாரு. இதே சின்னப்ப ரெட்டி தான் ஆரோவில் கேஸ்லயும் இருந்தாரு. 1980ல மத்திய அரசு ஆரோவில் நிர்வாகத்த கைல எடுத்தப்போ அரவிந்தர் சொசைட்டி இது எங்க மத உரிமைன்னு போனாங்க, மத்த நீதிபதிங்க எல்லாம் அரவிந்தர் சொன்னது தத்துவம், மதம் இல்லன்னாங்க, இவர் ஒருத்தர் மட்டும் இல்லப்பா மதப் பிரிவுன்னு சொல்லலாம்னு தனியா எழுதினாரு. அஞ்சு ஜட்ஜு உக்காந்து அரவிந்தர படிச்சு எது மதம்னு ஓட்டு போடறதுங்கிறது எனக்கு இன்னும் சிரிப்பா தான் இருக்கு. ஆனா நம்ம சிஸ்டம் அப்படி. 1954ல சீரூர் மடத்து கேஸ், அதுவும் நம்ம மெட்ராஸ் அறநிலைய சட்டத்துல இருந்து போனது தான், அதுல இருந்து ஒரு மதத்துக்கு எது அத்தியாவசியம்னு கோர்ட் தான் பாத்துக்கிட்டு இருக்கு. வடலூர்ல வள்ளலார் சபைல உருவ வழிபாடா ஜோதி வழிபாடான்னு சண்டை வந்தப்போ 2006ல அறநிலையத்துறை அதிகாரி தான் வள்ளலார் எழுதினத எல்லாம் எடுத்து வச்சு ஜோதி தான்னு உத்தரவு போட்டாரு, ஹைகோர்ட்டும் சரின்னுச்சு. தீர்ப்பு சரி தான். ஆனா ஏழுகிணறுல ஒண்டு குடித்தனத்துல இருந்துட்டு எந்த மதமும் சமயமும் வேணாம்னு பாடின மனுஷன் சொன்னதுக்கு ஒரு அரசு ஆபீஸ் விளக்கம் குடுக்குதுன்னா அவர் என்ன நினைச்சிருப்பாரோ.

நம்ம ஊர்ல ஒழுங்கா நடந்ததுன்னு நான் சொல்றது பிரேமானந்தா கேஸ் ஒண்ணு தான். இலங்கைல இருந்து 1980கள்ல வந்து திருச்சி பக்கம் விராலிமலை கிட்ட ஆசிரமம், லிங்கம் எடுக்கறது, விபூதி கொட்டறது, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வரிசைல. அங்க வளர்ந்த அனாதை பொண்ணுங்க 1994ல வெளிய வந்து பேசற வரைக்கும் எந்த அதிகாரியும் உள்ள போகல. போனதுக்கப்புறம் போலீஸும் கோர்ட்டும் லிங்கம் நிஜமா பொய்யான்னு எல்லாம் மண்டைய உடைச்சுக்கல. டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாங்க, அந்த காலத்துல நம்ம நாட்டுக்கே அது புதுசு. 1997ல புதுக்கோட்டை கோர்ட்ல நீதிபதி பானுமதி, பின்னாடி சுப்ரீம் கோர்ட் போனவங்க, ரெட்டை ஆயுள் குடுத்து, எந்த அரசு தண்டனை குறைப்பும் இவருக்கு செல்லாதுன்னும் எழுதினாங்க. ராம் ஜெத்மலானியே வாதாடியும் ஒண்ணும் நடக்கல. 2011ல தண்டனை கைதியாவே செத்தாரு. சாமியார தூக்கல, குற்றவாளிய தூக்கினாங்க, அவ்வளவு தான் வித்தியாசம்.

ஆனா அங்க ரேப், கொலை இருந்துச்சு. சித்தி விஷயத்துல என்ன இருக்கு? ஒரு வித்த ஃபிளாட், ஒரு ஸ்பீக்கர் போன்.

எங்க ஆபீஸ் சீனியர்கிட்ட ஒரு நாள் மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் இத சொன்னேன். அவரு தயிர் சாத டப்பாவ மூடிக்கிட்டே, "டேய், ஃபவுண்டேஷன்ல படிச்சதெல்லாம் மறந்துட்டியா, கான்ட்ராக்ட் ஆக்ட் செக்சன் 16"ன்னாரு. சிஏ படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும், தகாத செல்வாக்குன்னு ஒரு பாடம், அதுல உதாரணமே குரு சிஷ்யன் தான், குரு பேச்ச கேட்டு சிஷ்யன் சொத்த எழுதி வச்சா செல்லாதுன்னு ரத்து பண்ணலாம். மன்னு சிங் கேஸ்னு 1890 வாக்குல அலகாபாத்ல ஒரு பெரியவர் குருவுக்கு சொத்து முழுக்க எழுதி குடுத்தத கோர்ட் ரத்தே பண்ணியிருக்கு. நான் ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணின கேஸ். ஆனா அத ரத்து பண்ண சொல்லி யார் போகணும்? எழுதி குடுத்தவங்க தான். மூத்த குடிமக்கள் சட்டம் 2007ல, செக்சன் 23ல, பாத்துக்கறேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு பாக்கலன்னா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) மூலமா திரும்ப வாங்கலாம், அதுக்கும் அவங்களே தான் போகணும், அறுபது வயசும் ஆயிருக்கணும். சித்திக்கு அப்போ அம்பத்தெட்டு. ஸ்டேஷனுக்கு போனா மேஜர், ஆர்டிஓ ஆபீசுக்கு போனா வயசு பத்தாது.

டிரஸ்ட் கணக்கு பக்கம் இருந்து பாத்தா இன்னும் கொடுமை. நம்ம நாட்டுல மதம்னு எதையும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டியதே இல்ல, சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒரு டிரஸ்ட் டீடு போட்டு, இன்கம் டாக்ஸ்ல வரி விலக்குக்கான பதிவ வாங்கிட்டா வேலை முடிஞ்சுது. பேர் தெரியாத நன்கொடைக்கு முப்பது சதவீதம் வரின்னு ஒரு செக்சன் இருக்கு, ஆனா முழுக்க மத டிரஸ்ட்டா இருந்தா அந்த வரி கிடையாது, உண்டியல்ல போடறவன் பேர யார் எழுதறதுன்னு ஒரு நியாயம். அந்த நியாயம் பழனி உண்டியலுக்கு சரி. தியான மண்டபத்துல கட்டுக்கட்டா வாங்குறவங்களுக்கும் அதே கதவு தான். நான் எத்தனையோ டிரஸ்ட் ஃபைல் பாத்திருக்கேன், நிஜமா சோறு போடறவங்களும் இருக்காங்க, நோட்டு புக்ல கையெழுத்து சரியா இருக்கும், பில் சரியா இருக்கும். பணம் குடுத்தவங்க பயந்து குடுத்தாங்களா, வீட்ட வித்து குடுத்தாங்களான்னு கேக்க ஃபாரம்ல ஒரு கட்டம் கூட கிடையாது. ஜப்பான் அந்த ஒரு கட்டத்த தான் சேத்திருக்கு. அத தான் நான் இங்கயும் கேக்கறேன். பெரிய தடை சட்டம் வேணாம், இங்க மதத்த பத்தி சட்டம் கொண்டு வந்தா அத எந்த கட்சி எந்த சர்ச் மேல எந்த தர்கா மேல வீசும்னு நமக்கு தெரியாதா, 2002ல மதமாற்ற தடை சட்டம் வந்து 2004ல எலக்சன்ல தோத்ததும் வாபஸ் ஆனத எல்லாம் பாத்தவங்க தானே நாம. இருக்கற ஒரே வீட்ட வித்து வாங்காத. ஆள தனியா பேச விடு. இந்த ரெண்டு மட்டும் எழுத்துல வரட்டும்.

தனியா பேச விடறதுங்கிறது சின்ன விஷயம் மாதிரி தெரியும். கோயம்புத்தூர் யோகா மையம் ஒண்ணுல ரெண்டு பொண்ணுங்க விஷயமா அவங்க அப்பா போட்ட ஆட்கொணர்வு மனுவ 2024ல சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சது ஞாபகம் இருக்கும். அதுல நீதிபதிங்க அந்த ரெண்டு பேர்கிட்டயும் தனியா பேசி, அவங்க சொந்த விருப்பத்துல இருக்கோம்னு சொன்னத கேட்டு தான் முடிச்சாங்க, அவங்களும் மேஜர், முடிவு சரி தான், எனக்கு அதுல சண்டை இல்ல. சித்திக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கல, ஸ்டேஷன்ல எழுதி குடுக்கும்போது வக்கீல் பக்கத்து சேர்ல உக்காந்திருந்தாரு. இன்ஸ்பெக்டர் அவர கொஞ்சம் வெளிய இருங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் சித்தி அதையே தான் எழுதியிருப்பாங்களோ என்னவோ. ஒருவேள அங்க நிம்மதியா கூட இருக்கலாம். இத அம்மா முன்னாடி நான் சொன்னதே இல்ல.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் புது நம்பர்ல இருந்து அம்மாவுக்கு போன். சித்தி. ஸ்பீக்கர் இல்ல, அம்மா அத தான் முதல்ல கவனிச்சாங்களாம், எதிரொலியே இல்லடா, காதுக்குள்ள பேசற மாதிரி இருந்துச்சுன்னு. சுகர் மாத்திரைய விட்டு ரொம்ப நாளாச்சு போல, இப்போ பேரே மறந்து போச்சாம்.

"அக்கா, அந்த வெள்ளை மாத்திரை, நீளமா இருக்குமே, பேரு என்ன?"

அம்மா சொன்னாங்க. சித்தி ரெண்டு தடவ திருப்பி சொல்லி பாத்துட்டு வச்சுட்டாங்க. ஒரு நிமிஷம் கூட இல்ல.

நான் உடனே கீழ மெடிக்கல்ல மூணு ஸ்ட்ரிப் வாங்கி, கூட அம்மா போட்டு குடுத்த எலுமிச்ச ஊறுகாய் பாட்டில் ஒண்ணு, எல்லாத்தையும் ஒரு டப்பால வச்சு டேப் ஒட்டி, மேல சித்தி பேர பெருசா எழுதி, பைக் பார்சல் புக் பண்ணி அனுப்பினேன். ஒண்ணே கால் மணி நேரம் கழிச்சு அந்த பையன் போன் பண்ணான், டெலிவரி ஆயிடுச்சு சார்னு.

"யாருப்பா வாங்கினாங்க? லேடியா?"

"இல்ல சார், உள்ள விடல. கேட்ல ஒருத்தர் வாங்கிக்கிட்டாரு."

அந்த புது நம்பர் இப்போ சுவிட்ச் ஆஃப். அம்மா தினமும் காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ போட்டு பாக்கறாங்க.